பக்கவாதம் வந்த பெண்களின் நாடியையும் எண்ணுங்கள்

கன்னியாகுமரி மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர், இயன்முறை மருத்துவர் எல்லாருக்கும் வணக்கம்.

தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மா 26 வருடம் அண்டி ஆபீசில் முந்திரி உடைத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் இடது பக்கம் தளர்ந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள், அந்த நன்றி என்றைக்கும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பெயர் இருந்தது. கை, காலை எப்படி அசைக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நடக்கும்போது நெஞ்சு எவ்வளவு அடிக்கலாம், எப்போது நிறுத்தணும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபின் குளியலறை வரை போய்த் திரும்பினாலே அம்மாவுக்குப் படபடப்பு. "இளைக்கு மக்களே, என்னைப் படுக்க விடு" என்பார். நாங்களும் பயந்து படுக்க வைத்தோம். உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்து நீவிவிட, ஆசானைக் கூட்டி வந்தோம். நான்கு மாதம் இப்படியே போனது.

அப்புறம் வீட்டுக்கு வந்த ஓர் இயன்முறை மருத்துவர்தான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். சும்மா இருக்கும்போது 92. முற்றத்தில் மெல்ல ஆறு நிமிடம் நடந்ததும் 118. உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்து 110. எட்டுதான் இறங்கியிருந்தது. டிரெட்மில் சோதனையில் முதல் நிமிடத்தில் 12-க்கு மேல் இறங்காவிட்டால் இதயம் அடங்குவது மந்தம் என்றே கணக்கு வைப்பார்களாம்.

காரணத்தையும் அவரே விளக்கினார். இதயத்தை விரட்டும் நரம்புகள் ஒரு பக்கம், அதை அடக்கி நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு மறுபக்கம். இரண்டுக்கும் மேலே இருந்து கட்டளை கொடுப்பது மூளை. பக்கவாதம் மூளையின் அந்தப் பகுதிகளைத் தொட்டுவிட்டால் விரட்டும் கை ஓங்கிவிடலாம். அதோடு மாதக்கணக்கில் படுத்தே கிடந்தால் இதயம் இன்னும் பழக்கம் விட்டுப்போகும். தளர்ந்த காலை இழுத்து நடப்பதற்கு, அதே வேகத்தில் நடக்கும் மற்றவரைவிட இரண்டு மடங்கு வரைகூடச் சக்தி செலவாகுமாம். அம்மா சோம்பலில் படுக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்கு முன் எத்தனை தடவை கடிந்திருக்கிறேன்.

தினமும் இரண்டு வேளை பத்துப் பத்து நிமிடம் நடக்க ஆரம்பித்தோம். நான்கு மாதத்தில் சும்மா இருக்கும்போது 80. அதே நடைக்கு 104, ஒரு நிமிடத்தில் 87. இந்த எண்களை ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பக்கவாதம் வந்தவர்கள் வாரம் 3 முதல் 5 நாள், 20 முதல் 60 நிமிடம் இதயத்துக்கான பயிற்சி செய்யலாம் என்கிறது. பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்தும் செய்யலாம். இதற்கு மெஷின் ஒன்றும் வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், ஏனென்றால் நாடிக் கணக்கை மட்டும் நம்பவும் முடியாது. பக்கத்து வீட்டு மாமி மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு மூச்சு வாங்கும்போதுகூட நாடி 85 தாண்டாது. அந்த மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று பார்ப்பதுதான் வழி. பேச்சு வரணும், பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது, அதுதான் சரியான வேகம். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தணும்.

நீங்கள் வரும்போது பி.பி. பார்க்கிறீர்கள், சர்க்கரை பார்க்கிறீர்கள். கூடவே நாடியையும் ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். வீட்டில் ஒருவருக்கு எண்ணக் கற்றுக்கொடுங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இ.சி.ஜி. எடுக்க வையுங்கள். அந்தத் தாறுமாறான துடிப்பே அடுத்த பக்கவாதத்தைக் கொண்டுவரலாம், வயதான பெண்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

பெண்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆண்களைவிட முதிய வயதில்தான் பெண்களுக்குப் பெரும்பாலும் பக்கவாதம் வருகிறது. அப்போது துணைக்குக் கணவர் இல்லாமல் போயிருப்பதும் உண்டு. எங்கள் தெருவில் ஆம்பிளைக்கு வந்தால் மனைவி கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார். மனைவிக்கு வந்தால் நாகர்கோவில் வரை கூட்டிப்போக ஆளில்லை. ரோட்டில் காலை இழுத்து நடக்க வெட்கம் வேறு. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, முற்றமும் பாதி வருடம் வழுக்கும். பஞ்சாயத்துக்கு ஒரு இடம், கூரை போட்டதாக, கைப்பிடி வைத்ததாக, வாரம் மூன்று காலை இவர்களுக்கென்று ஒதுக்கித் தரமுடியாதா? சமுதாய நலக்கூடமோ பள்ளி வராந்தாவோ போதும்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு எங்கள் முற்றத்தில் நான்கு பெண்கள் நடக்கிறார்கள். நான் வேலைக்குப் போகும் நாட்களில் நாடி எண்ண ஆள் இல்லை. உங்களில் ஒருவர் வந்து, அந்த நால்வரில் ஒருவருக்காவது எண்ணக் கற்றுக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்