மாருத்துக்கு ஒரு கிட் வரவேண்டும்

கோயம்புத்தூர்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மியூனிக்கில் வேலை நிலைத்துவிட்டது, பையனுக்கும் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் ஒன்று விடாமல் படித்து எனக்கும் சொல்கிறார். அவிநாசி ரோடு மேம்பாலம் ஒருவழியாகத் திறந்துவிட்டார்கள். கோல்டுவின்ஸில் ஏறினால் உப்பிலிபாளையத்தில் இறங்கலாம், சுமார் 10 கிலோமீட்டர். ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் மாதிரி விமானம், அதுதான் கிட், அதைப் போடுகிற கம்பெனிக்காரர்கள் என் பேச்சைக் கேட்பார்கள் என்றால் எந்த விமானத்தைப் போடச் சொல்வேன் என்று. அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

மாருத். நம் விமானப்படையின் பழைய ஜெட் போர் விமானம் எச்.எப்-24 மாருத், 48-ல் ஒன்று அளவில் (அசலில் 48-ல் ஒரு பங்கு), ஸ்டீல் அச்சில் வார்த்த ஒழுங்கான பிளாஸ்டிக் கிட். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

உனக்கு ஞாபகம் இருக்கும், அதை வடிவமைத்தவர் கர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190-ஐ உருவாக்கியவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினாவில் சில வருஷம் இருந்துவிட்டு, 1956-ல் பெங்களூர் வந்து இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில், அதாவது எச்.ஏ.எல்-லில், வேலையைத் தொடங்கினார். முதலில் மரத்தில் முழு அளவில் ஒரு கிளைடர் செய்து, அதை டக்கோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் 1961 ஜூன் 17-ம் தேதி விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதல் மாருத்தைப் பறக்கவிட்டார். இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம் அதுதான்.

இப்போது கிட் உலகத்தைப் பார். அதே மனிதர் செய்த ஃபோக்கவுல்ஃப் 190-க்கு டாமியா, எடுவார்ட், ஏர்ஃபிக்ஸ், ஹசெகாவா, ரெவெல் என்று போடாத கம்பெனி இல்லை. ஒவ்வொரு அளவிலும் உண்டு, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. போர் முடிகிற நேரத்தில் மிகச் சில மட்டுமே பறந்த அவருடைய டா 152-க்குக்கூட 32-ல் ஒன்று அளவில் இன்ஜின் உள்ளே தெரிகிற மாதிரி ஜப்பான்காரர்கள் கிட் போட்டுவிட்டார்கள். ஆனால் அவருடைய கடைசிப் போர் விமானம், 147 எண்ணிக்கை தயாராகி, மூன்று ஸ்குவாட்ரன்களில் ஓடி, 1971 போரில் சண்டை போட்ட விமானம், அதை இந்தப் பெரிய கம்பெனிகளில் ஒன்றுகூடத் தொடவில்லை. இது எனக்கு ரொம்ப வருஷமாக ஆறாத விஷயம்.

காரணம் தெரியாமல் இல்லை. அச்சு செய்கிற தொழிலில்தானே நானும் இருக்கிறேன். ஸ்விட்ச் மூடிக்கும் பம்ப் ஃபேன் கவருக்கும் மோல்டு வெட்டும்போதே வாடிக்கையாளர் முதலில் கேட்பது, இதில் எத்தனை பீஸ் ஓடும் என்பதுதான். கிட் கம்பெனியும் அதே கணக்குத்தான் போடும். ஹன்டர் விமானத்துக்கு ஒரு அச்சு வெட்டினால் பிரிட்டன், சுவீடன், சுவிட்சர்லாந்து, இந்தியா என்று விமானத்தில் ஒட்டுகிற சின்னங்களின் தாளை, அந்த டிகாலை மட்டும் மாற்றிப் பெட்டி பெட்டியாக விற்கலாம். மாருத்தை ஓட்டியது இந்திய விமானப்படை மட்டும். எகிப்தின் இன்ஜினைச் சோதித்துப் பார்க்க ஒன்று அங்கே போனது, அவ்வளவுதான். கணக்குப் பார்ப்பவன் அங்கேயே பேனாவை மூடிவிடுவான்.

ஆனால் அச்சுக்காரன் கண்ணால் பார்த்தால் மாருத் மிக நல்ல வேலை. நான் பேப்பரில் பிரித்தே பார்த்துவிட்டேன். அசல் விமானம் 15.87 மீட்டர் நீளம், இறக்கை 9 மீட்டர். 48-ல் ஒன்றுக்குக் கொண்டுவந்தால் 33 சென்டிமீட்டர் நீளம், 19-க்குக் கொஞ்சம் குறைவான அகலம். அலமாரித் தட்டில் தாராளமாக நிற்கும். உடலை இடம், வலம் என்று இரண்டாகப் பிரிக்கலாம். நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்னால் மறுபடி அகலுகிறதே, ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடையைக் குறைக்க டாங்க் வைத்த வளைவு, அது பக்கவாட்டில் திறக்கிற அச்சில் அழகாகக் கழன்று வரும். மூக்கின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக 30 மில்லிமீட்டர் அடேன் பீரங்கிகள் இருக்கின்றன, அதுவும் அச்சு திறக்கிற திசையிலேயே அமைந்துவிடுகிறது. தொந்தரவு தருகிற ஒரே இடம் காற்று உள்ளே போகிற இன்டேக். பக்கத்துக்கு ஒரு அரைக்கூம்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து ஒரே துண்டாக வரவேண்டும் என்றால் அச்சில் தனியாக நகர்கிற ஒரு துண்டு, ஸ்லைடு, வைத்துத்தான் ஆகவேண்டும். அதைத் தனிப் பாகமாகக் கொடுத்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிடலாம்.

இதில் இன்னொரு நல்ல விஷயம். இரண்டு பேர் உட்காரும் பயிற்சி மாருத்தும் 18 தயாரித்தார்கள். ஒற்றை ஆள் விமானத்தின் வயிற்றில் 50 ராக்கெட் வைக்கிற மாத்ரா பெட்டி ஒன்று உண்டு, தேவைப்படும்போது கீழே இறங்கும். அந்தப் பெட்டியை எடுத்த இடத்தில்தான் பயிற்சி விமானத்துக்குப் பின் சீட்டைப் போட்டார்கள். அதனால் வெளிப்புற வடிவம் பெரிதாக மாறவில்லை. முன் உடலை மட்டும் அச்சில் மாற்றிப் பொருத்துகிற தனி இன்சர்ட்டாக வெட்டி, விமானி தலைக்கு மேல் வரும் கனோப்பிக்கு இரண்டு கண்ணாடி அச்சு வைத்தால் போதும். ஒரே மோல்டில் இரண்டு பெட்டி விற்கலாம். இதைக் கம்பெனிக்காரர்களிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

விற்பனைக்குக் கதையும் வேண்டும் என்பார்கள். இந்த விமானத்திடம் கதைக்கா பஞ்சம்? டாங்க் மனதில் வைத்திருந்தது ஆஃப்டர்பர்னர், அதாவது பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு, உள்ள ஆர்ஃபியஸ் 12 இன்ஜினை. பிரிட்டன் அந்த வேலையைப் பாதியில் நிறுத்தியது, நம் பக்கம் பணம் போட்டுத் தொடரவும் இல்லை. கடைசியில் நாட் என்கிற குட்டிப் போர் விமானத்துக்குப் போட்ட அதே குடும்பத்து ஆர்ஃபியஸ் 703 இரண்டை வைத்துப் பறக்கவிட்டார்கள். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்கு வரைந்த உடம்பு, ஒலி வேகத்துப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆஃப்டர்பர்னரை நாமே சேர்த்துச் செய்த விமானத்தில்தான் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிரை விட்டார். பெங்களூரில் எச்.ஏ.எல் பக்கம் போனால் அவர் பெயரில் ஒரு ரோடு இருக்கிறது. தினமும் அந்த வழியாக ஆயிரம் வண்டி போகிறது, எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

அவர் இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் அதே குறைந்த சக்தி இன்ஜினோடு மாருத் தாழப் பறந்து தாக்கியது. ஒரு இன்ஜின் அடிபட்டு மற்றொன்றில் திரும்பி வந்த விமானங்கள் உண்டு. டிசம்பர் 7-ம் தேதி ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. பக்‌ஷி பாகிஸ்தானின் ஒரு சேபர் போர் ஜெட்டையும் வீழ்த்தினார். தரைத் தாக்குதலுக்கு வைத்திருந்த விமானம் அது. அந்த ஒரு நாளின் டிகால் தாளை மட்டும் பெட்டியில் வைத்தால்கூட நான் இரண்டு பெட்டி வாங்குவேன்.

பெரிய கம்பெனிதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. போலந்தில் ஆர்மா ஹாபி என்று ஒன்று இருக்கிறது. தங்கள் நாட்டுப் பழைய விமானங்களையே முதலில் எடுத்துச் செய்தார்கள். டி.எஸ்-11 இஸ்க்ரா பயிற்சி ஜெட்டை 72-ல் ஒன்றில் போட்டார்கள். போலந்துக்கு வெளியே இஸ்க்ராவை வாங்கிய நாடு எது தெரியுமா? நாம்தான். 1970-களில் வாங்கி, 2004 வரை நம் விமானிகள் அதில் பயிற்சி எடுத்தார்கள். சுவீடனில் பைலட் ரெப்லிகாஸ் என்று ஒரு சின்னக் குழு, தங்கள் ஊர்ச் சாப் டுன்னனை 48-ல் ஒன்றில் கொண்டுவந்தது. வெளியூர்க் கம்பெனி எப்போது செய்யும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. உலகத்துக்கே பம்பும் மோட்டாரும் வார்த்துக் கொடுக்கிற ஊர் நம்முடையது. மின்பொறியால் உலோகத்தில் அச்சு வெட்டுகிற இடிஎம் மெஷின் இல்லாத தெரு உண்டா இங்கே? ஒரு மாருத் மோல்டை நம் ஆட்களால் வெட்ட முடியாது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறைவது இரண்டு: முதல் போட ஒரு ஆள், நம்பகமான அளவுகள்.

நம் விமானம் விற்காது என்கிற பேச்சுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி, எச்.ஏ.எல் அஜீத்தை 72-ல் ஒன்றில் போட்டதே. அஜீத் என்பது நாட் விமானத்தை எச்.ஏ.எல் மேம்படுத்திச் செய்தது. அதை நான் முடித்துவிட்டேன், போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். முழு விமானமே 12 சென்டிமீட்டர் சொச்சம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். பின்னால் சாயாமல் நிற்பதற்கு மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளை அடைத்தேன். சக்கரக் கதவுகளைக் கவனித்துப் பார். நாட் குடும்பத்தில் தனியாக ஏர்பிரேக் கிடையாது, சக்கரங்களைப் பாதி இறக்கினால் அந்தக் கதவுகளே காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். அதனால் கதவை ஒட்டுகிற கோணம் சரியாக இல்லாவிட்டால் முகமே மாறிவிடும். மூவண்ண வட்டத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நகர்த்தி உட்கார வைத்து, ஓரத்தில் பஞ்சு வைத்து ஒற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகள், “இது நாம செஞ்ச விமானமாப்பா?” என்றாள். ஆமாம் என்றேன். புத்தகத்தில் படித்துக் காட்டியிருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள். ஒரு விமானம் கிட்டாக வருவதில் எனக்கு இவ்வளவு அக்கறை இருப்பதற்குக் காரணம் இதுதான், ரகு. மாருத்தை ஓட்டியவர்கள், அதற்கு ரிவெட் அடித்தவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது. கையில் எடுத்துப் பார்க்க ஒன்று இருந்தால்தான் அடுத்த தலைமுறை கேள்வி கேட்கும்.

மாருத்துக்கு அடுத்ததாகக் கிரண் பயிற்சி ஜெட். விமானப்படையின் சூரியகிரண் சாகசக் குழு 1996 முதல் 2011 வரை பறந்தது அதில்தான். பிரிட்டிஷ் சாகசக் குழு ரெட் ஏரோஸின் சிவப்பு என்பதற்காகவே நாட் கிட்டை எத்தனை பேர் வாங்குகிறார்கள், கிரணை மட்டும் வாங்க மாட்டார்களா? அதற்கும் அடுத்து தேஜஸ். சூலூர் விமான தளத்திலிருந்து எங்கள் தலைக்கு மேல்தான் போகிறது. தேஜஸ் இன்னும் பல வருஷம் பறக்கப்போகிற விமானம், அதற்கு நல்ல கிட் எப்படியும் வந்துவிடும். மாருத்துக்குத்தான் அவசரம்.

இப்போது உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். நீ இருக்கிற ஊருக்கு வடக்கே ஓபர்ஷ்லைஸ்ஹைம் என்று ஒரு இடம் இருக்கிறது, எஸ்-1 ரயிலில் போகலாம். அங்கே பழைய விமான தளத்தில் ஜெர்மன் அருங்காட்சியகத்தின் கிளை இருக்கிறது, ஃப்ளூக்வெர்ஃப்ட் ஷ்லைஸ்ஹைம். அதில் ஒரு மாருத் நிற்கிறது. டாங்க் 1983-ல் காலமானதும் மியூனிக்கில்தான். பெங்களூரில் எச்.ஏ.எல் அருங்காட்சியகத்திலும், கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும் நிற்பவற்றை நான் முடிந்தவரை படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் வெயிலிலும் மழையிலும் நின்ற விமானத்தில் எத்தனை முறை பெயின்ட் அடித்திருப்பார்களோ, பேனல் கோடுகள் அதற்குள் மூழ்கிப் போயிருக்கும்.

அதனால் பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வா. முதலில் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, இவற்றை மட்டும் எடு. இன்டேக்கின் அரைக்கூம்பை நேர் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டும். சக்கரக் குழிக்குள் குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று ஒன்று. பின்னால் இரண்டு எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவில் இருக்கிற பகுதி, அது எந்தப் படத்திலும் எனக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை. இறக்கை உடலோடு சேருகிற இடம், மேலிருந்து எடுக்க முடிந்தால் ரொம்ப நல்லது. ஒவ்வொரு படத்திலும் ஒரு ஸ்கேலையோ, அளவு தெரிந்த வேறு எதையாவதோ பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல், பையன் பிடிப்பான். விமானத்தைத் தொட வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். ஃபிளாஷ் வேண்டாம், உலோகத்தில் அடித்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

படங்கள் வந்ததும் நான் வரைபடத்தைத் திருத்தி, பாகம் பிரித்த தாளோடு சேர்த்து மூன்று கம்பெனிகளுக்கு எழுதப்போகிறேன். ஆங்கிலக் கடிதம் தயார். செக் நாட்டுக்கு ஒன்று, போலந்துக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று. யாரும் பதில் போடாவிட்டால் முதலில் 72-ல் ஒன்றில் ஒரு சின்ன மோல்டை நம் பட்டறையிலேயே ஓய்ந்த நேரத்தில் வெட்ட ஆரம்பிப்பதாக இருக்கிறேன். இன்டேக்கை எப்படியும் தனிப் பாகமாகத்தான் விடுவேன்.

சாந்திக்கு என் அன்பைச் சொல். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகவும் சொன்னார். படங்களைச் சுருக்காமல் அப்படியே அனுப்பு, பெரிதாக இருந்தால்தான் எனக்குக் கோடு தெரியும்.

அன்புடன்,
சிவா