என் தம்பியைக் கைவிடாதவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். யார் பெயரும் வேண்டாம் என்றான். பெயர் இல்லாவிட்டால் என்ன, எந்த வரி யாருக்கு என்று படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் டாக்டருக்கு. ஹெராயினை விட வேண்டும் என்று அவனை உங்களிடம் வருவதற்கு முன்பே ஓரிடத்தில் சேர்த்திருந்தோம். சில வாரம் பூட்டி வைத்து, "உடம்பு சுத்தமாகிவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள். இனிமேல் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. வெளியே வந்த அந்த நாட்கள்தான் உயிருக்கே ஆபத்தானவை என்பதை நீங்கள்தான் விளக்கினீர்கள். நிறுத்தியிருந்த காலத்தில் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடுமாம். அப்போது பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

ஹெராயினை விடுவதற்கான புப்ரெனார்ஃபின் மாத்திரையை எழுதிக் கொடுத்தபோது, "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று பெரியப்பா குதித்தார். ஹெராயின் மூளையில் போய்ப் பிடிக்கும் அதே இடத்தில்தான் இதுவும் பிடிக்கும், ஆனால் ஓரளவுக்கு மேல் இதன் வேகம் ஏறாது, ஏக்கமும் உடல்வலியும் அடங்கும் என்று அவரை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னீர்கள். அவர் வாயை அடைத்தது என்னவோ, உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இதே சிகிச்சைக்கான மெத்தடோன் என்ற மருந்தையும் இதையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்ற தகவல்தான். பெரியப்பாவுக்கு எதையும் வருஷத்தோடு சொல்ல வேண்டும்.

சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. முதல் மாத்திரை அன்று அவன் சுருண்டு கிடந்தான். "சீக்கிரம் கொடுங்க சிஸ்டர்" என்று நான் கெஞ்சியும் நீங்கள் அசையவில்லை. டார்ச் அடித்துக் கண்மணி விரிந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள். கையைத் திருப்பி மயிர்க்கூச்சம் பார்த்தீர்கள். எத்தனை கொட்டாவி விடுகிறான் என்றுகூட குறித்துக்கொண்டீர்கள். "பழசு உடம்புல இருக்கிறப்பவே இதைக் கொடுத்தா, அதை ஒரேயடியாத் தள்ளிவிட்டுடும். வேதனை பல மடங்காயிடும், கொஞ்சம் பொறுங்க" என்றீர்கள். பிறகு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை பேசவோ விழுங்கவோ கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். கரைந்ததும் வாயில் தண்ணீர் விட்டுச் சுழற்ற வேண்டும், பல் தேய்ப்பதென்றால் ஒரு மணி நேரமாவது கழித்துத்தான், இல்லாவிட்டால் பல் கெடும் என்றீர்கள். அவன் பல்லைப் பற்றி அப்போது வேறு யார் யோசித்திருப்பார்கள்?

மருந்துக்கடை அண்ணாவுக்கு: ஹெராயின் அளவு மீறினால் அதை முறிக்கும் நாலோக்ஸோன் ஸ்பிரேயை வெறுமனே கவரில் போட்டு நீட்டாமல், உதடு நீலம் பாய்ந்து மூச்சு அடங்கினால் மூக்கில் எப்படி அடிப்பது என்று காட்டிக்கொடுத்தீர்கள். கண் விழித்துவிட்டானே என்று இருந்துவிடக் கூடாது, ஒரு மணி நேரத்திலேயே அதன் வேகம் குறைந்து மறுபடி மூச்சு அடங்கலாம், அதனால் ஆம்புலன்ஸை எப்படியும் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னீர்கள். இதுவரை அதைப் பிரிக்க வேண்டி வரவில்லை.

நடுவில் அவன் சறுக்கினான். அன்று கவுன்சலர் "ஏன் எடுத்தாய்?" என்று கேட்கவே இல்லை. "அன்னைக்குக் காலையில எழுந்ததிலிருந்து என்ன நடந்துச்சு, சொல்லு" என்றார். இரண்டு ராத்திரி தூக்கமில்லை, சம்பளம் கையில், பழைய கூட்டாளியின் போன் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சம்பளம் நேரே வங்கிக்குப் போனது, போன் எண் மாறியது. சிகிச்சையிலிருந்து அவனை வெளியேற்றவும் இல்லை. கவுன்சலர் டாக்டரிடம் பேசி மருந்தின் அளவைக் கூட்டித்தான் கொடுக்கச் செய்தார். அந்த ஒரு முடிவுக்காகவே ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம்.

போதையிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணை நிற்கும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் குழு நண்பர்களே, புதிதாக வருபவருக்கு என்று நீங்கள் கொடுத்த வெள்ளைச் சாவிக்கொத்து வில்லையை அவன் யாரையும் தொடவிடுவதில்லை. மாத்திரை சாப்பிடுகிறவன் மீண்டவனா என்று வேறொரு கூட்டத்தில் முகம் சுளித்தார்கள். நீங்களோ நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தீர்கள்.

முதலாளி ஐயா, மருத்துவமனை நாட்களில் காரணம் கேட்காமல் நேரம் மாற்றிக் கொடுத்தீர்களே, அதுவும் பெரிது.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. எப்போது குறைப்பது என்பதை அவனும் டாக்டரும் பேசிக்கொள்ளட்டும், நான் கேட்பதில்லை. உங்களிடம் வரும் வேறு குடும்பத்தில் எந்த அக்காவுக்காவது, அம்மாவுக்காவது ராத்திரியில் பேச ஆள் வேண்டியிருந்தால், என் எண் கவுன்சலரிடம் இருக்கிறது. தயங்காமல் கொடுங்கள்.

அன்புடன்,
அவனுடைய அக்கா