விடுதலை ஆனவரை ‘தப்பினார்’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில், கீழ் ஓரத்தில் நான்கு வரியில் ஒரு செய்தி. ரேஷன் கடை இருப்பு குறைவு வழக்கில் விற்பனையாளர் “போதிய ஆதாரம் இல்லாததால் வழக்கிலிருந்து தப்பினார்” என்று போட்டிருந்தீர்கள். அந்த விற்பனையாளர் என் அண்ணன். பெயர், வயது, ஊர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கடைசி வார்த்தைதான் ஒரு வாரமாக எங்கள் வீட்டில் யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

தீர்ப்பு வாசித்தபோது நான் கோர்ட்டில் இருந்தேன். நகலும் கையில் இருக்கிறது. “எதிரி குற்றவாளி இல்லை எனத் தீர்மானித்து, கு.வி.மு.ச. (குற்றவியல் விசாரணை முறைச் சட்டம்) பிரிவு 248(1)-இன் கீழ் விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது” என்று இருக்கிறது. கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வாய்தா முடிந்து வரும்போதும் “என் புள்ள யாருக்கு எதிரி” என்று அம்மா அழுவார். எட்டு வருஷம் எதிரி என்றே கூப்பிட்ட கோர்ட் கடைசியில் விடுதலை என்று எழுதிவிட்டது, உங்கள் நிருபருக்குத்தான் அந்த வார்த்தையை எழுத மனம் வரவில்லை.

தப்பினார் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லாரி மோதியதில் தப்பினார் என்றால் செத்திருக்க வேண்டியவர், போலீஸ் காவலிலிருந்து தப்பினார் என்றால் ஓடிப்போனவர். அப்படியென்றால் வழக்கிலிருந்து தப்பினார் என்று படிப்பவர், தண்டனை கிடைத்திருக்க வேண்டியவர் எப்படியோ நழுவிவிட்டார் என்றுதானே நினைப்பார்? மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது கடைக்கார அண்ணாச்சி, “உங்க அண்ணன் தப்பிச்சிட்டாராமே, நல்ல வக்கீல் போல” என்றார். அவர் அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பேச்சில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். கேஸ் நிக்கல, கேஸ் விட்டுப்போச்சு, வெளிய வந்துட்டார் என்பார்கள், வக்கீல்கள் அக்விட்டல் ஆயிடுச்சு என்பார்கள். அதெல்லாம் பேசியதோடு போய்விடும். அச்சில் வந்தால் அப்படியில்லை. எங்கள் ஊரில் தீர்ப்பு நகலை யாரும் படிக்கப் போவதில்லை, உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள்.

இதைச் சொல்லும்போது பழையதும் சேர்ந்து வருகிறது, மன்னிக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் அண்ணனைக் கைது செய்தபோது போட்டோவோடு மூன்று பத்தி அகலத்தில் போட்டீர்கள். “அரிசி மூட்டைகளைச் சுருட்டிய விற்பனையாளர் கைது” என்று தலைப்பு. குற்றப்பத்திரிகைகூடத் தாக்கல் ஆகாத நேரம், ‘சுருட்டியதாகப் புகார்’ என்று போட்டிருந்தால் இன்னும் ஒரு வார்த்தைக்குத்தான் இடம் ஆகியிருக்கும். அப்புறம் 15 நாள் ரிமாண்ட் முடிந்து ஜாமீன் கிடைத்ததும் “ஜாமீனில் விடுதலை” என்று போட்டீர்கள். வெளியூரில் இருக்கிற பெரியப்பா மகன் அதைப் படித்துவிட்டு, கேஸ் முடிந்துவிட்டது என்று சந்தோஷமாக போன் செய்தார். அன்று காலை 10 மணிக்கு அண்ணன் ஜாமீன் நிபந்தனைப்படி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த விடுதலை என்ற ஒரு சொல்லை எத்தனைக்குத்தான் எழுதுவீர்கள்? ஜாமீனுக்கும் விடுதலை, தண்டனை முடிந்து வந்தாலும் விடுதலை. அண்ணா பிறந்தநாளை ஒட்டி ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விட்டாலும் விடுதலை. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுவித்ததும் விடுதலை. அவர் 30 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்ததை மனதில் வைத்து வெளியே விட்டார்கள், குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு மாறவில்லை. இப்படி எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டு, உண்மையிலேயே சட்டப்படி விடுதலை ஆனவருக்குத் தப்பினார் என்று எழுதுகிறீர்கள்.

விடுவிப்பு வேறு, விடுதலை வேறு. இது எங்கள் வக்கீல் சொல்லி நான் தெரிந்துகொண்டது, உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். விசாரணை தொடங்கும் முன்பே, வழக்கு நடத்த முகாந்திரம் இல்லை என்று அனுப்புவது விடுவிப்பு. புது ஆதாரம் கிடைத்தால் மறுபடி வழக்கு வரலாம். சாட்சிகளை எல்லாம் விசாரித்து முடித்துக் குற்றவாளி இல்லை என்று சொல்வது விடுதலை. மேல்முறையீட்டில் அது மாறினால் ஒழிய, அதே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. நாங்கள் 2019-இல் விடுவிப்பு மனு போட்டோம், அது தள்ளுபடி ஆனது. அதனால்தான் இத்தனை வருஷம் முழு விசாரணையும் நடந்தது.

‘போதிய ஆதாரம் இல்லாததால்’ என்றும் எழுதியிருந்தீர்கள். வேறொரு கடையில் இறக்கிய லோடு அண்ணனின் கடைக் கணக்கில் ஏறியிருந்தது என்று, தணிக்கை செய்த அதிகாரியே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். அது தீர்ப்பின் 11-ஆம் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் நிருபர் அதுவரை புரட்டவில்லை என்று நினைக்கிறேன்.

கைதான அன்று அண்ணன் மகள் மூன்றாம் வகுப்பு. கூடப் படித்த பிள்ளை ஒன்று உங்கள் பத்திரிகையைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து காட்டியது. இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. இந்த முறை பத்திரிகையை அவளேதான் வாங்கி வந்தாள், அப்பா பெயர் நல்லபடியாக வந்திருக்கும் என்று. படித்துவிட்டு மடித்து வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

2017-இல் போட்ட அளவுக்கு இப்போதும் போடுங்கள் என்று கேட்கவில்லை. ‘தப்பினார்’ என்பதை ‘குற்றவாளி இல்லை என விடுதலை செய்யப்பட்டார்’ என்று திருத்தி ஒரே ஒரு வரி, அதே ஏழாம் பக்கத்தில் போட்டால் போதும். தீர்ப்பு நகலை இணைத்திருக்கிறேன். 11-ஆம் பக்கத்தில் மடிப்பு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
20 வருஷமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வாசகி