கிரிக்கெட் தெரிஞ்சா பெட்டிங்ல ஜெயிக்கலாமா? என் நோட்டு வேற சொல்லுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன வாரம் உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, கிரிக்கெட்ட நல்லா புரிஞ்சு பாக்கறவங்களுக்கு பெட்டிங் ஒரு சைடு வருமானம், லண்டன் மாதிரி இங்கயும் லீகல் பண்ணிட்டா எந்த பயமும் இல்லன்னு. அத படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல, ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி இதே டயலாக்க நானும் டீக்கடையில சொல்லிட்டு திரிஞ்சவன் தான்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில பேக்கிங் செக்ஷன் பாத்துக்கறேன். கணக்கு எழுதி பழக்கம்ங்கறதால 2023 ஐபிஎல்ல போட்ட ஒவ்வொரு பெட்டையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சேன். எல்லாமே 500 ரூபா பெட்டு, ரெண்டு பக்கமும் 1.90 ரேட் இருந்தா (அதாவது ஒரு ரூபா கட்டி ஜெயிச்சா, கட்டுன ரூபாயும் சேத்து 1.90 திரும்ப வரும்) மட்டும் தான் போடறதுன்னு ஒரு கொள்கை வேற. ஃபைனலுக்கு முன்னாடி வரைக்கும் 84 பெட்டு, அதுல 43 ஜெயிச்சேன், 41 தோத்தேன். ஜெயிச்சது தான் ஜாஸ்தி, சரிங்களா? ஆனா கூட்டி பாத்தா 1,150 ரூபா நஷ்டம்! எனக்கே புரியல, ரெண்டு தடவ கூட்டுனேன். ஜெயிச்சா லாபம் 450, தோத்தா போறது 500, வித்தியாசம் அவ்வளவு தான். அந்த 1.90ல நூறு பெட்டு போட்டா 53 ஜெயிச்சா தான் தலை தப்பும், 52 ஜெயிச்சாலும் கையை கடிக்கும். ரெண்டு டீமும் சமம்னா ரேட் 2 இருக்கணும் இல்லையா, அந்த பத்து பைசா தான் நம்மகிட்ட பெட்டு வாங்கற புக்கியோட சம்பளம், எவன் ஜெயிச்சாலும் அவனுக்கு அது வந்துரும், கிரிக்கெட் தெரியணும்னு அவசியமே இல்ல அவனுக்கு.

சரி 1,150 தானே, ஒரு வாரம் டீ காசுன்னு விட்டிருக்கலாம். விடல. விட்டத புடிக்கணும்னு ஒரு வெறி வரும் பாருங்க, அது வந்துருச்சு. ஃபைனல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அகமதாபாத்ல மழையால ஒரு நாள் தள்ளிப்போயி, மே 29 ராத்திரி ஆரம்பிச்சு மறுபடியும் மழை, கடைசியா சென்னைக்கு 15 ஓவர்ல 171ன்னு டார்கெட் குடுத்தாங்க. கடைசி ஓவர்ல குஜராத் பவுலர் மோகித் சர்மா நாலு பந்து யார்க்கரா போட்டு மூணே ரன் தான் குடுத்தான், ரெண்டு பந்துல 10 ரன் வேணும். குஜராத்துக்கு 1.10 ரேட் காட்டுது. 20,000 போட்டா 2,000, நஷ்டம் போக மிச்சமும் வரும்னு மனசு கணக்கு போடுது, சீட்டு கட்ட வெச்சிருந்த பணம் ஐடில (வாட்ஸ்அப்ல ஒருத்தன் குடுத்த பெட்டிங் அக்கவுன்ட்) தான் கெடக்குது, அமுக்கிட்டேன். சின்ன வயசுல இருந்து சென்னை ஃபேன் நானு! என் போன்ல மோகித் இன்னும் ஓட ஆரம்பிக்கவே இல்ல, பக்கத்து வீட்டு டிவியில இருந்து ஒரே கத்தல். போன்ல வர்றது எப்பவும் கொஞ்சம் பின்னாடி தான் வரும். ஜடேஜா அடிச்ச சிக்ஸ நான் காதுல தான் பாத்தேன். அப்புறம் இன்னொரு கத்தல், அது ஃபோர். மணி ஒன்றரை இருக்கும், தெருவுல பட்டாசு வெடிக்கறாங்க, நான் மட்டும் பாத்ரூம்ல உக்காந்திருந்தேன்.

ஆமா, போன்ல மேட்ச் பின்னாடி வர்றத பத்தி சொல்லணும். நம்ம கண்ணுக்கு விக்கெட் விழறதுக்கு முன்னாடியே புக்கியோட சைட்ல ரேட் லாக் ஆயிரும், அதாவது அவனுக்கு முன்னாடியே தெரியும். நடந்து முடிஞ்ச பந்துக்கு நாம யோசிச்சு யோசிச்சு பெட்டு கட்டிட்டு இருப்போம்.

டெலிகிராம்ல டிப்ஸ் குடுக்கறவங்கள நம்பி காசு கட்டறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். எங்க பேக்கிங் டேபிள்ல ரெண்டு பசங்க, ஒரே அட்மின்கிட்ட தான் காசு கட்டுனாங்க. ஒரு நாள் டீ டைம்ல எதேச்சையா போன மாத்தி பாத்தா, இவனுக்கு மும்பை ஷ்யூர்னு மெசேஜ், அவனுக்கு அதே மேட்ச்சுக்கு சென்னை ஷ்யூர்னு மெசேஜ், ரெண்டும் அதே அட்மின்! குரூப்ப ரெண்டா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா சொல்றான், எப்படியும் பாதி பேருக்கு பலிச்சுரும்ல. ஆயிரம் பேர்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு மேட்ச்சுக்கும் இப்படி பாதி பாதியா பிரிச்சா, அஞ்சு மேட்ச் முடியறப்ப முப்பது பேராவது அவன ஜோசியன்னு கும்புடுவாங்க.

இப்ப பாதுகாப்பு விஷயத்துக்கு வர்றேன். 2024 சீசன்ல ஒரு தடவ 6,000 ரூபா ஜெயிச்சு வித்ட்ரா போட்டேன், யாரோ முன்ன பின்ன தெரியாத ஆளோட அக்கவுன்ட்ல இருந்து வந்துச்சு, வந்தா போதும்னு விட்டுட்டேன். ஒரு மாசம் கழிச்சு பால்காரருக்கு 54 ரூபா ஜிபே பண்றேன், போகல. பேங்க்ல போயி கேட்டா வேற மாநிலத்து சைபர் கிரைம்ல கம்ப்ளெயின்ட் இருக்கு, அக்கவுன்ட் ஃப்ரீஸ்ங்கறாங்க. எவனோ ஒருத்தன ஏமாத்துன பணத்த எனக்கு ஜெயிச்ச பணம்னு அனுப்பியிருக்கானுங்க. என் சம்பளம் ரெண்டு மாசம் உள்ளயே கெடந்துச்சு. ஐடி குடுத்தவன கூப்ட்டா நம்பர் ஸ்விட்ச் ஆஃப். போலீஸ்ல போயி எந்த வாயோட சொல்றது? நம்ம தமிழ்நாட்டு 2022 சட்டப்படி ஆன்லைன்ல சூதாடுனவனுக்கே மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம். கோர்ட்டுக்கு போலாம்னா, 1872ல வெள்ளைக்காரன் போட்ட ஒப்பந்த சட்டத்துலயே பந்தய காசு கேட்டு கேஸ் போட முடியாதுன்னு இருக்குன்னு வக்கீல் ஒருத்தர் சிரிச்சுட்டே சொன்னாரு. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசும் காசு கட்டி ஆடற ஆன்லைன் கேம் மொத்தத்துக்கும் தடை கொண்டுவந்துருச்சு, இந்திய டீம் ஜெர்சியில இருந்த ட்ரீம் லெவன்ங்கற கேம் ஆப் பேரே போயிருச்சு. ஆனா வாட்ஸ்அப்ல ஐடி விக்கறவன் எங்க போனான்? இப்பவும் வாரத்துக்கு ரெண்டு மெசேஜ் வருது எனக்கு.

லீகல் பண்ணலாம்னு அந்த வாசகர் சொன்னத நான் ஒரேடியா தப்புன்னு சொல்லல. 2016ல சுப்ரீம் கோர்ட் போட்ட லோதா கமிட்டியே லீகல் பண்ணலாம்னு சொல்லிச்சு, 2018ல சட்ட ஆணையமும் முழுசா தடுக்க முடியலன்னா ஆதார், பான் கார்டோட சேத்து ஒழுங்குபடுத்தலாம்னு சொல்லிச்சு. இங்கிலாந்துல கிரெடிட் கார்டுல பெட்டு கட்ட 2020லயே தடை, என்ன உள்ள விடாதீங்கன்னு நாமளே பதிஞ்சு வெக்கறதுக்கு கூட வழி இருக்கு, அப்படி ஒண்ணு இங்க இருந்திருந்தா அந்த ராத்திரி என் 20,000 தப்பிச்சிருக்கலாம். ஆனா எந்த பயமும் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. லீகலா இருக்கற அதே இங்கிலாந்துல தான் 2010ல லார்ட்ஸ் கிரவுண்ட்ல பாகிஸ்தான் டீம்காரங்க காசு வாங்கிட்டு நோ பால் போட்டாங்க, சல்மான் பட், ஆசிப், ஆமிர் மூணு பேரும் ஜெயிலுக்கு போனாங்க. நம்ம சென்னை டீம் 2016, 2017 ரெண்டு வருஷம் ஆடாம இருந்ததுக்கும் பெட்டிங் தானே காரணம். அப்புறம் லீகல் ஆனாலும் 1.90 என்ன 2 ஆகவா போகுது?

உங்களுக்கும் ஒரு சின்ன வேண்டுகோள்ங்க. மேட்ச் அன்னிக்கு ஸ்போர்ட்ஸ் பக்கத்துல வெற்றி வாய்ப்பு 62 சதவீதம், 38 சதவீதம்னு கட்டம் கட்டி போடறீங்க இல்லையா, நீங்க சும்மா சுவாரஸ்யத்துக்கு போடறீங்க, ஆனா நான் தினமும் காலையில அத பாத்து தான் எந்த டீம்னு முடிவு பண்ணுவேன். எங்க கம்பெனியில இன்னும் நாலஞ்சு பேரு அத போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டு இருக்காங்க. அந்த கட்டத்த எடுத்துட்டு ரெண்டு டீமோட ப்ளேயிங் லெவன கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டீங்கன்னா நல்லாருக்கும்.

கடிதத்த போட்டா பேர் மட்டும் வேண்டாம்ங்க. எங்க மாமனார் உங்க பேப்பர் தான் வாங்கறாரு, சீட்டு பணம் எங்க போச்சுன்னு இன்னும் அவருக்கு தெரியாது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திருப்பூர்