வாரம்-பெர்சி தூய மார்ட்டின் ஆலயம்: கல்லறைப் பதிவுப் பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாரம்-பெர்சி கிராமத்தில் இடிந்து நிற்கும் தூய மார்ட்டின் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், எஞ்சியிருக்கும் கற்களைப் படித்துப் படமெடுத்துப் பதிவு செய்யும் பணி நிறைவடைந்தது. வரவு செலவுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படும்.

"சுவரைப் பூசியிருக்கலாமே, எழுத்துகளுக்கு மை தீட்டியிருக்கலாமே" என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்பதே குழுவின் முடிவு. இந்த ஆலயத்தின் வரலாறு அதன் சுவரிலேயே இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் சின்ன மரக்கோயிலாகத் தொடங்கி, கல் கட்டடமாகி, ஊர் பெருகியபோது பக்கக் கூடங்களும் சேர்ந்தன. அப்புறம் ஊர் தேய்ந்தது. விளைநிலம் ஆட்டு மேய்ச்சலுக்குப் போனது. 1500 வாக்கில் மிஞ்சியிருந்த குடும்பங்களையும் வெளியேற்றிவிட்டார்கள். ஆள் குறைந்ததால் பக்கக் கூடங்களை இடித்து, வளைவுகளைக் கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த வளைவுகள் இன்றும் நன்றாகத் தெரிகின்றன. அவற்றின் மேல் பூச்சு ஏறினால் ஊர் வளர்ந்ததற்கும் தேய்ந்ததற்குமான சாட்சி போய்விடும்.

ஊர் காலியான பிறகும் ஆலயம் பிழைத்திருந்தது. திக்செண்டேல் போன்ற பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதுதான் பங்கு ஆலயம். 1870இல் திக்செண்டேலுக்குத் தனி ஆலயம் கிடைத்தது. இங்கே கடைசி ஆராதனை 1949இல் நடந்தது. 1959இல் கோபுரத்தின் ஒரு பாதி சரிந்தது.

வரலாற்றாளர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் முன்னின்று நடத்திய அகழாய்வு 1990 வரை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலுமாக ஏறத்தாழ 700 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. இங்கே குழந்தைகள் சுமார் ஒன்றரை வயது வரை தாய்ப்பால் குடித்தார்கள் என்பதை அந்த எலும்புகளின் வேதியியலே சொல்கிறது. படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. அந்தத் தாய்மார் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. நாம் பதிவு செய்தவை எல்லாம் பிற்காலத்துக் கற்கள். அதனால்தான் பெயர் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு கல்லையும் இவ்வளவு கவனமாகப் படித்தோம்.

மெல்லிய தூரிகை, சுத்தமான தண்ணீர், பக்கவாட்டில் பிடித்த டார்ச் வெளிச்சம், இவ்வளவுதான் கருவிகள். கம்பித் தூரிகையோ பிளீச்சோ கல்லில் படவில்லை. கற்பாசியைச் சுரண்டவில்லை, அதோடு கல்லின் மேற்பரப்பும் பெயர்ந்து வரும். வாசிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் இடம் விட்டிருக்கிறோம்.

இடம், பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது, கட்டணம் இல்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், மழை பெய்திருந்தால் பாதை வழுக்கும். பதிவேட்டின் பிரதி வேண்டுவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பணிக்குழு