ஆங்கிலம் படிக்கவும் விசா வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆங்கிலப் பயிற்சி மைய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை உங்கள் இரண்டாவது ஜன்னலில் திருப்பி அனுப்பப்பட்ட பி.காம். மாணவியின் தகப்பன் நான். உச்சப்பட்டி இலங்கை அகதிகள் முகாம். பெயிண்டிங் வேலை.

வெளிநாட்டு மாணவர்களுக்கான மூன்று மாத ஆங்கில வகுப்புக்குத்தான் மகள் வந்தாள். படிவத்தில் பாஸ்போர்ட் எண், விசா எண் என்று இரண்டு கட்டம். இரண்டும் அவளிடம் கிடையாது. முகாம் அடையாள அட்டையை நீட்டியிருக்கிறாள். உங்கள் ஊழியர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத் தமிழ் பேசுறியேம்மா, நீ எப்படி ஃபாரின் ஸ்டூடன்ட்?" என்றாராம். சரி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான வகுப்பில் போடுங்கள் என்றால், அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமாம். அதற்கு நாங்கள் எங்கே போவது? ஆனால் ஐயா, சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'இலங்கை' என்று எழுதியது உங்கள் அலுவலகம்தான்.

முகாம் அட்டையை ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை. ஜனவரியில் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள், "வாட் இஸ் யுவர் நேட்டிவ் பிளேஸ்?" என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வி புரிந்தது, பதில்தான் ஒரு சொல்லில் அடங்காது. பிறந்தது திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில். தாய் தகப்பன் இரண்டு பேரும் 1990-ல் படகேறி வந்து மண்டபம் அகதிகள் முகாமில் பதிந்தவர்கள் என்பதால் இந்தியப் பிரஜை இல்லை. பார்க்காத இலங்கைதான் அவள் நாடு. இதைத் தமிழில் சொல்லவே எனக்கு மூச்சு வாங்குகிறது. அவள் ஆங்கிலத்தில் வார்த்தை தேடி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்று நாடுகளின் பெயர் இருந்தது, எங்கள் நாடு இல்லை. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' ஆக்கினார்கள். பலகை எழுதுவது நம்ம தொழில், அதில் சந்தோஷம்தான். அந்த மறுவாழ்வு உங்கள் ஜன்னல் வரைக்கும் வர இன்னும் பஸ் கிடைக்கவில்லை போல.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, தெரியும். அந்த இரண்டு கட்டத்துக்குப் பக்கத்தில் 'முகாம் அட்டை எண்' என்று மூன்றாவது ஒன்று போடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. தயவுசெய்து போடுங்கள்.

வகுப்பு வரும் திங்கள் தொடங்குகிறது என்றார்கள். அட்டையின் நகலை, இரண்டு பக்கமும், இத்துடன் வைத்திருக்கிறேன். முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் இருக்கும் நாளில் மட்டும் அவள் கொஞ்சம் தாமதமாக வருவாள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உச்சப்பட்டி முகாமிலிருந்து ஒரு தகப்பன்