தொடக்க வாசிப்பு: தமிழ் தெரிந்த பயிற்றுநர் ஒருவரை எங்கள் வகுப்புக்கு அனுப்பக் கோரும் மனு

நாள்: 12 மார்ச் 2026

பெறுநர்:
தமிழ்ப்பள்ளிகளுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
மாவட்டக் கல்வி இலாகா, பினாங்கு.

மதிப்புமிகு ஐயா, வணக்கம்.

இதே விஷயமாக நான் எழுதும் நான்காவது கடிதம் இது. சென்ற ஆண்டு ஜூலையிலும் அக்டோபரிலும், இந்த ஆண்டு ஜனவரியிலும் மலாயில் எழுதினேன். மூன்றையும் தலைமையாசிரியர் வழியாகத்தான் அனுப்பினேன், முறை தவறவில்லை. முதல் கடிதத்துக்கு மட்டும் 'தெரிமா காசே' (நன்றி) என்று மலாயில் இரண்டே சொல்லில் பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுகூட இல்லை. இந்த முறை தமிழில் எழுதுகிறேன். கீழே சொல்லப்போகும் சங்கதியை மலாயில் விளக்க எனக்கு வரவில்லை. நீங்களும் கீழ்நிலை வகுப்புக்குப் பாடம் எடுத்தவர், படித்ததும் புரியும்.

எங்கள் பள்ளி உங்களுக்குத் தெரியாததில்லை. செம்பனை ஆலையைத் தாண்டி, கோவில் முனையில் திரும்பினால் வரும் பழைய தோட்டப் பள்ளி. சென்ற ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கு வந்து, மழையில் நனைந்துகொண்டே பரிசு கொடுத்தீர்கள். மொத்தம் 63 மாணவர்கள். ஆண்டு 1, ஆண்டு 2 இரண்டுக்கும் தமிழ் நான்தான். ஆண்டு 2இல் பதினோரு பேர். அவர்களில் நால்வருக்கு இன்னும் வாசிப்பு வரவில்லை.

1. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு ஏழு நாளாவது பயிற்சி இருக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. ஏழு நாளுக்கு எனக்குக் குறையே இல்லை. சான்றிதழ்க் கோப்பு மூட மறுக்கிறது.

2. ஆனால் அந்த ஏழு நாளில் என்ன படித்தேன்? சென்ற ஆண்டுக் கணக்கு இது: கணினியில் சுவரொட்டி தயாரிப்பது, தீயணைப்புக் கருவியைப் பிடிப்பது, நெகிழிப் புட்டியில் செடி வளர்ப்பது. மிச்சமெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு இயங்கலையில். தீயணைப்புக் கருவி நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 'தொழில்முறை வளர்ச்சிக்கான இலக்கு' என்று ஒரு பாரம் தருகிறீர்கள். ஆறு ஆண்டுகளாக அதில் ஒரே வரியைத்தான் எழுதுகிறேன்: "வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்குத் தமிழ் வாசிப்பு கற்பிக்கும் முறையில் தேர்ச்சி பெறுதல்." அந்த வரியை யாராவது படிக்கிறார்களா, ஐயா?

3. இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பள்ளிகளுக்கு வந்து ஆசிரியருக்குக் கைகொடுக்கும் பயிற்றுநர் திட்டம் மலாய், ஆங்கிலம், கணிதம் ஆகிய பாடங்களுக்கென்றே அமைந்தது. சென்ற ஆண்டு மலாய்ப் பாடத்துக்காக ஒரு பயிற்றுநர் வந்தார். நல்ல மனுஷி. "உங்கள் தமிழ் வகுப்பையும் பார்க்கிறேனே" என்று அவராகவே கேட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தார். அன்றைய சொல் 'கொய்யா'.

ஒரு பையன் எழுந்து வாசித்தான். முதலில் கொம்பு கண்ணில் பட்டது, "கெ" என்றான். அப்புறம் கால் தெரிந்தது, "ஆ" என்றான். "கெ… ஆ… ய்யா." நான் இல்லை என்று தலையை ஆட்டியதும், கொம்பைச் சுண்டுவிரலால் மறைத்துக்கொண்டு "காய்யா" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. விரலை எடுக்காமலே, "டீச்சர், இந்தக் கொம்பு எதுக்கு?" என்று கேட்டான்.

பாடம் முடிந்ததும் பயிற்றுநர் அசை பிரிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். புத்தகத்துக்கு மலாயில் 'பூக்கு'. அது பூ, கு. மெய் முன்னால், உயிர் பின்னால், இடமிருந்து வலமாகப் போனால் சொல் வந்துவிடும். மலாய்க்கு அது போதும். நம் 'கொ'வில் உயிர்க்குறி க-வுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. 'மே'யில் முன்னால் நிற்கிறது. 'கு'வில் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு அது ஒரு படம். "வகுப்பறை மகிழ்ச்சியாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர்மேல் தப்பே இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். 'கொ'வை ஒரே எழுத்தாகக் காட்டிப் பழக்குவதா, கொம்பையும் காலையும் பிரித்துக் காட்டுவதா? ல, ள, ழ மூன்றையும் ஒரே வாரத்தில் கொடுப்பதா, தள்ளித் தள்ளிக் கொடுப்பதா? பத்தொன்பது ஆண்டுகளாக மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறேன். சில பிள்ளைகளுக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் என் வகுப்பின் பின்வரிசையில் கடைசியாக உட்கார்ந்தது சுங்கைப்பட்டாணி ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் படித்தபோது, பயிற்றுப்பணியின்போதுதான். வந்த விரிவுரையாளர், "கரும்பலகையைப் பார்த்துப் பேசாதே, பிள்ளைகளின் வாயைப் பார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன்.

4. 2021இல் யுபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வு போய்விட்டது. இப்போது வகுப்புசார் மதிப்பீடு. 1 முதல் 6 வரை அடைவுநிலை, அதை முடிவு செய்வது நான். அந்தப் பையனுக்கு ஆகக் கீழான 1 என்று போட்டேன். போட்டுவிட்டு அப்புறம் என்ன செய்வது? 2027இல் ஆண்டு 1க்குப் புதிய கலைத்திட்டம் வருகிறது. அதற்கும் ஒரு இரவு ஒன்பது மணி விளக்கக் கூட்டம் நடத்தி, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இணைப்பு அனுப்பி, வருகை பதிந்து முடித்துவிடுவீர்களா? மன்னிக்கவும் ஐயா, இப்படி எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு 1816இல் இதே பினாங்கில்தானே தொடங்கியது? 2016இல் இருநூறு ஆண்டு விழாவும் எடுத்தோமே! இந்த மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில், இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க ஒருவர்கூடவா கிடைக்கவில்லை?

5. காசு கேட்கவில்லை. தங்கும் விடுதியில் நடக்கும் பயிற்சியும் வேண்டாம்.

நான் கேட்பது: கீழ்நிலை வகுப்பில் அனுபவமுள்ள, தமிழ் தெரிந்த ஒருவர் மாதம் ஒரு முறை என் வகுப்புக்கு வரட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியராக இருந்தாலும் சரி. அது முடியாவிட்டால், பக்கத்து மூன்று பள்ளிகளின் ஆண்டு 1, 2 தமிழாசிரியர்கள் மாதம் ஒரு நாள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்க அனுமதி தாருங்கள். அதையே பயிற்சி நாளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் போகும் நாளில் என் வகுப்புகளைப் பார்க்க ஆள் வேண்டும். சிறிய பள்ளி, இருப்பவர்கள் எல்லாருக்கும் கையில் வகுப்பு உண்டு. தலைமையாசிரியரே வந்து நிற்க வேண்டியதாகிறது. அதனால்தான் இலாகாவின் கடிதம் இல்லாமல் நாங்களாகவே இதைச் செய்ய முடியவில்லை.

தயவுசெய்து ஒருவரை அனுப்புங்கள், ஐயா. முடியாது என்றால் அதையாவது எழுதித் தெரிவியுங்கள். ஆண்டு 2க்குத் தமிழ்ப்பாடம் திங்களும் புதனும் காலை 7.40க்கு. நீங்களே வந்தாலும் பின்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஆண்டு 1, 2 தமிழாசிரியை

நகல்: தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர்